ரஞ்சன்குடி முதல் சேப்பாக்கம் வரை - வெற்றி தோல்வியின் கதை

பொங்கல் வந்துவிட்டால் பெரம்பலூர் மாவட்டத்து ஊர்களில் கபடி, வாலிபால், கிரிக்கெட் என்று ஏதாவது ஒரு போட்டி நடக்காமல் இருக்காது. அறுவடை முடிந்த வயலோ, ஏரிக்கரையோ, பள்ளிக்கூட மைதானமோ, எங்காவது சுண்ணாம்புக் கோடு போட்டுவிடுவார்கள். மைக் செட் கட்டி ஒருவர் கமெண்ட்ரி சொல்லுவார். ஜெயித்த அணி கோப்பையைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்றும். தோற்ற அணியில் பாதிப் பேர் கை கொடுக்காமலேயே பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மீதிப் பேர் அம்பயரோடு சண்டை போடுவார்கள். ஆடத் தெரியாதவள் தெரு கோணல் என்றாளாம் என்று பெரியவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் அந்தப் பையன்களுக்கு அது சிரிப்பு இல்லை. அன்றைக்கு உலகமே முடிந்துபோன மாதிரி இருக்கும்.

தோல்வி ஏன் இவ்வளவு வலிக்கிறது? வெற்றி ஏன் இவ்வளவு தலைக்கு ஏறுகிறது? இரண்டையும் அதனதன் அளவில் வைத்துப் பார்க்க முடியுமா?

இதற்குப் பதில் சொல்லும் கதை ஒன்று பெரம்பலூர் மாவட்டத்திலேயே தொடங்குகிறது. தொடங்குவது ஒரு கோட்டையில். முடிவதோ ஒரு கிரிக்கெட் மைதானத்தில்!

கோட்டையில் நடந்த சண்டை

பச்சைமலையை ஒட்டியிருக்கும் ஊர் பூலாம்பாடி. அதே மாவட்டத்தில், பெரம்பலூரிலிருந்து சென்னை போகும் நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒரு பக்கமாகப் பாறைமேல் எழுந்து நிற்கும் கோட்டை ஒன்று கண்ணில் படும். அதுதான் ரஞ்சன்குடிக் கோட்டை. இன்றைக்கு ஆடு மேய்ப்பவர்களும், விடுமுறை நாளில் போட்டோ எடுக்க வரும் கல்லூரி மாணவர்களும்தான் அங்கே அதிகம். ஆனால் 1751-ல் தென்னிந்தியாவின் தலைவிதியை முடிவு செய்யப்போகிறவர்கள் எல்லாம் இந்தப் பகுதியில்தான் மோதிக்கொண்டார்கள். சரித்திரப் புத்தகங்களில் வாலிகொண்டா போர் என்று வருவது இதுதான். பக்கத்தில் இருக்கும் வாலிகண்டபுரத்தின் பெயரை வெள்ளைக்காரர்கள் அப்படித்தான் எழுதினார்கள்.

ஆற்காட்டு நவாப் பதவிக்கு அப்போது இரண்டு பேர் போட்டி போட்டார்கள். ஒருவர் சந்தா சாகிப். அவருக்குப் பாண்டிச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரர்களின் ஆதரவு. இன்னொருவர் முகமது அலி. அவருடைய தந்தை அன்வருதீன் 1749-ல் ஆம்பூர்ப் போரில் கொல்லப்பட்டிருந்தார். முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்திருந்தார். அவருக்கு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆதரவு.

சந்தா சாகிப் பெரும்படையோடு திருச்சியை நோக்கி வந்தார். அவரை வழியில் தடுக்க வேண்டும் என்று ஆங்கிலேயரும் முகமது அலியின் ஆட்களும் இங்கே வந்து நின்றார்கள். நடுவில் மாட்டிக்கொண்டவர் கோட்டையின் பொறுப்பாளர். எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று தெரியாததால் இரண்டு பக்கமும் பிடிகொடுக்காமல் அவர் காலம் கடத்தினார். கடைசியில் சண்டை மூண்டது. ஆங்கிலேயர் பக்கத்து வீரர்கள் பீதியடைந்து பின்வாங்கினார்கள். ஓட்டம் திருச்சி வரை நிற்கவில்லை.

அன்றைய நிலவரப்படி சந்தா சாகிப் ஜெயித்தவர். முகமது அலி தோற்றவர். திருச்சி விழுந்துவிட்டால் கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனால் அதே ஆண்டில் ராபர்ட் கிளைவ் ஒரு சிறு படையோடு போய் ஆற்காட்டைப் பிடித்தார். தன் தலைநகர் போய்விட்டதே என்று சந்தா சாகிப் திருச்சியில் இருந்து ஒரு பகுதிப் படையை அங்கே அனுப்ப வேண்டியதாயிற்று. கிளைவ் அந்த முற்றுகையைத் தாக்குப் பிடித்தார். 1752 ஜூன் மாதத்தில் சந்தா சாகிப் ஸ்ரீரங்கத்தில் சரணடைந்து, கொல்லப்பட்டார். ரஞ்சன்குடியில் ஜெயித்தவருக்கு ஒரு வருடம்கூட முழுதாகக் கிடைக்கவில்லை.

சரி, அப்படியென்றால் இறுதியாக ஜெயித்தவர் முகமது அலிதானே? அங்கேதான் கதை இன்னொரு முறை திரும்புகிறது.

நவாப் வாங்கிய வெற்றியின் விலை

முகமது அலி ஆற்காட்டு நவாப் ஆனார். வாலாஜா என்ற பட்டமும் சேர்ந்தது. சென்னையில் இன்றும் இருக்கும் வாலாஜா சாலை அவர் பெயரால் அமைந்ததுதான். 1768-ல் கடற்கரையை ஒட்டி அவர் ஓர் அழகான அரண்மனையைக் கட்டிக்கொண்டார். அதுதான் சேப்பாக்கம் அரண்மனை.

ஆனால் இந்த வெற்றியை அவர் கடனுக்கு வாங்கியிருந்தார். தனக்காகப் போரிட்ட கம்பெனிக்குப் படைச் செலவைக் கொடுக்க வேண்டும். அதற்காகக் கம்பெனி அதிகாரிகளிடமே வட்டிக்கு வாங்கினார். கடனை அடைக்க மேலும் கடன். ஊர் ஊராக வரி வசூல் உரிமை கைமாறிப் போனது. 1795-ல் அவர் இறந்தார். 1801-ல் கர்நாடகப் பகுதியின் ஆட்சியைக் கம்பெனி தன் கையில் எடுத்துக்கொண்டது. நவாப் என்பது வெறும் பட்டமாக மிஞ்சியது. 1855-ல் ஆண் வாரிசு இல்லாமல் கடைசி நவாப் இறந்தபோது அந்தப் பட்டத்தையும் கம்பெனி ஒழித்தது. அரண்மனையும் ஏலத்துக்கு வந்து அரசாங்கத்தின் கைக்குப் போனது.

1751-ல் ஜெயித்தவர் 1752-ல் உயிரோடு இல்லை. 1752-ல் ஜெயித்தவரின் குடும்பத்துக்கு 1801-ல் நாடு இல்லை. 1801-ல் ஜெயித்த கம்பெனியோ 1858-ல் ஆட்சியை இங்கிலாந்து ராணியிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கியது. ஸ்கோர்போர்டை எந்த நாளில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் வெற்றியும் தோல்வியும் இருக்கிறது.

இதற்கும் கிரிக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. 1860-களில் அந்த அரண்மனை வளாகத்தைச் சேர்ந்த நிலத்தின் ஒரு பகுதியில்தான் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் ஆடத் தொடங்கியது. அதுவே பிற்காலத்தில் எம்.ஏ. சிதம்பரம் ஸ்டேடியம் ஆயிற்று. நம் எல்லோருக்கும் அது வெறுமனே 'சேப்பாக்கம்'. ரஞ்சன்குடியில் தோற்று ஓடியவர்களின் நவாப் கட்டிய அரண்மனையின் தோட்டத்தில்தான் நம் ஆட்கள் சிக்ஸர் அடிக்கிறார்கள்!

இருபது வருடம் காத்திருந்த வெற்றி

இந்தியா தன் முதல் டெஸ்ட் போட்டியை 1932-ல் ஆடியது. முதல் வெற்றி எப்போது கிடைத்தது தெரியுமா? 1952 பிப்ரவரியில். இருபது வருடம்! அதற்குள் 24 டெஸ்ட் முடிந்துவிட்டது. ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. இருபத்தைந்தாவது டெஸ்ட்டில், விஜய் ஹசாரே தலைமையில், இங்கிலாந்தை ஓர் இன்னிங்ஸ் மற்றும் 8 ரன் வித்தியாசத்தில் இந்தியா தோற்கடித்தது. வினு மன்கட் அந்தப் போட்டியில் மொத்தம் 12 விக்கெட் எடுத்தார். பங்கஜ் ராயும் பாலி உம்ரிகரும் சதம் அடித்தார்கள்.

நடந்த இடம் சேப்பாக்கம்தான்.

இருபது வருடம் ஜெயிக்காமலேயே ஆடியவர்களை நினைத்துப் பார்க்க வேண்டும். அவர்களில் பலர் ஒரு வெற்றியைக்கூடப் பார்க்காமல் ஓய்வு பெற்றார்கள். இந்தியாவின் முதல் கேப்டன் சி.கே. நாயுடு ஏழு டெஸ்ட் ஆடினார். ஒன்றில்கூட வெற்றி இல்லை. அதற்காக அவரை யாரும் தோல்வியாளர் என்று சொல்வதில்லை. அவர் போட்ட பாதையில்தான் மற்றவர்கள் நடந்தார்கள்.

யாரும் ஜெயிக்காத, யாரும் தோற்காத போட்டி

சேப்பாக்கத்தின் அடுத்த பாடம் 1986 செப்டம்பரில் வந்தது. ஆலன் பார்டரின் ஆஸ்திரேலிய அணிக்கும் கபில்தேவின் இந்திய அணிக்கும் டெஸ்ட். செப்டம்பர் மாதத்துச் சென்னை வெயிலும் புழுக்கமும் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் அந்த வெயிலில் 210 ரன் அடித்தார். ஆடும்போதே வாந்தி எடுத்தார். ஆட்டம் முடிந்ததும் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

ஆஸ்திரேலியா 574 ரன்னுக்கு 7 விக்கெட் என்ற நிலையில் டிக்ளேர் செய்தது. இந்தியா 397. அதில் கபில்தேவ் 119. இரண்டாவது இன்னிங்ஸை ஆஸ்திரேலியா 170 ரன்னில் டிக்ளேர் செய்தது. கடைசி நாளில் இந்தியாவுக்கு இலக்கு 348. கவாஸ்கர் 90 ரன் எடுத்தார். ஆட்டம் கடைசி ஓவர் வரை வந்தது. ஒரு விக்கெட் பாக்கி. ரவி சாஸ்திரி ஒரு ரன் எடுத்ததும் ஸ்கோர் சமம் ஆனது. எதிர்முனையில் கடைசி ஆட்டக்காரர் மணிந்தர் சிங். ஆட்டத்தின் கடைசிக்கு முந்தைய பந்தில் கிரெக் மேத்யூஸ் அவரை எல்.பி.டபிள்யூ. ஆக்கினார். இந்தியா 347 ஆல் அவுட். போட்டி டை!

டெஸ்ட் கிரிக்கெட் வரலாற்றில் இதுவரை இரண்டே இரண்டு டை. முதலாவது 1960-ல் பிரிஸ்பேனில். இரண்டாவது சேப்பாக்கத்தில். அந்த அவுட் சரியா தவறா என்ற விவாதம் பல வருடம் நடந்தது. ஆனால் ஐந்து நாள் ஆடி, 40-ல் 32 விக்கெட் விழுந்து, 1488 ரன் குவிந்து, கடைசியில் இரண்டு பக்கமும் சரிசமம் என்று முடிந்த அந்தப் போட்டியைப் பார்த்த யாரும், 'முடிவு இல்லையே, வீணாகிவிட்டதே' என்று சொன்னதில்லை. முடிவைவிட ஆட்டம் பெரியது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

1999 ஜனவரி 31

இப்போது முக்கியமான கதைக்கு வருவோம்.

1998 மே மாதத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் அணுகுண்டு சோதனை நடத்தின. இரண்டு நாடுகளும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த நேரம். அப்போதுதான் வாசிம் அக்ரம் தலைமையில் பாகிஸ்தான் அணி இந்தியாவுக்கு டெஸ்ட் ஆட வந்தது. 1987-க்குப் பிறகு அந்த அணி இந்திய மண்ணில் ஆடும் முதல் டெஸ்ட் தொடர். எதிர்ப்பு கடுமையாக இருந்தது. 1999 ஜனவரியில் டெல்லி பெரோஸ் ஷா கோட்லா மைதானத்தின் பிட்ச்சை எதிர்ப்பாளர்கள் தோண்டிப் போட்டார்கள். மும்பையில் கிரிக்கெட் வாரிய அலுவலகமும் சூறையாடப்பட்டது. டெல்லியில் நடக்க வேண்டிய முதல் டெஸ்ட் சென்னைக்கு மாறியது. பலத்த போலீஸ் பாதுகாப்போடு ஜனவரி 28 அன்று ஆட்டம் தொடங்கியது.

பாகிஸ்தான் 238. கும்ப்ளேக்கு 6 விக்கெட். இந்தியா 254. சக்லைன் முஷ்டாக்குக்கு 5 விக்கெட். சென்னைப் பையன் சடகோபன் ரமேஷுக்கு இதுதான் முதல் டெஸ்ட். சொந்த ஊர் ரசிகர்கள் முன்னால் 43 ரன் எடுத்தார். பாகிஸ்தானின் இரண்டாவது இன்னிங்ஸில் ஷாகித் அப்ரிதி 141 ரன் அடித்தார். அது அவருக்கு இரண்டாவது டெஸ்ட்தான். 275 ரன்னுக்கு 4 விக்கெட் என்று பலமாக இருந்த பாகிஸ்தானை வெங்கடேஷ் பிரசாத் உடைத்தார். கடைசி ஆறு விக்கெட் 11 ரன்னுக்குள் போய்விட்டது. பாகிஸ்தான் 286 ஆல் அவுட். பிரசாத் 33 ரன் கொடுத்து 6 விக்கெட்.

இந்தியாவுக்கு இலக்கு 271. தொடக்கமே சோகம். 6 ரன்னுக்கு 2 விக்கெட். ரமேஷும் லட்சுமணனும் வக்கார் யூனிஸ் பந்தில் போய்விட்டார்கள். நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. டிராவிட், அசாருதீன், கங்குலி என்று வரிசையாகப் போக, 82 ரன்னுக்கு 5 விக்கெட்.

அங்கிருந்து சச்சின் டெண்டுல்கரும் நயன் மோங்கியாவும் சேர்ந்து 136 ரன் எடுத்தார்கள். மோங்கியா 52. சச்சினுக்கு முதுகு வலி. ஒவ்வொரு ஷாட்டுக்கும் முகம் சுளித்தார். குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடி அடித்தார். மோங்கியா போன பிறகு வேகமாக ரன் சேர்த்தார். இன்னும் 17 ரன். கையில் 4 விக்கெட். அந்த நேரத்தில் சக்லைன் பந்தைத் தூக்கி அடித்தார். பந்து மேலே போனது. வாசிம் அக்ரம் கையில் இறங்கியது. சச்சின் 136.

அதற்குப் பிறகு மூன்று விக்கெட்டும் 4 ரன்னுக்குள் விழுந்தன. இந்தியா 258 ஆல் அவுட். 12 ரன்னில் தோல்வி.

மைதானத்தில் ஒரு நிமிடம் சத்தமே இல்லை. பல்லாயிரம் பேர் இருந்த இடம் ஊமையாகிப்போனது.

பிறகு எங்கோ ஒரு மூலையில் கைதட்டல் தொடங்கியது. அது பரவியது. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். கேலரி முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. எதிராளிக்கு! அதுவும் பாகிஸ்தான் அணிக்கு! வாசிம் அக்ரமும் அவருடைய ஆட்களும் முதலில் திகைத்துப்போய்ப் பிறகு மைதானத்தைச் சுற்றி ஓடி வந்து அந்தக் கைதட்டலை ஏற்றுக்கொண்டார்கள். எத்தனையோ நாடுகளில் ஆடிய வாசிம் அக்ரம், சேப்பாக்கத்தின் அந்த நிமிடங்களைப் பின்னாளில் பல பேட்டிகளில் நெகிழ்ச்சியோடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

இது திடீரென்று வந்த குணமும் இல்லை. 1997 மே 21 அன்று இதே மைதானத்தில் பாகிஸ்தானின் சயீத் அன்வர் இந்தியாவுக்கு எதிராக 194 ரன் அடித்தார். ஒரு நாள் போட்டியில் அப்போது அது உலக சாதனை. அவரையும் சேப்பாக்கம் எழுந்து நின்றுதான் வழியனுப்பியது. அன்றைக்கும் இந்தியா தோற்றுத்தான் இருந்தது.

கைதட்டியவர்களுக்கு வலிக்கவில்லையா?

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். வெற்றி தோல்வியைச் சமமாகப் பார்க்க வேண்டும் என்று சொன்னால், ஏதோ கல் மாதிரி உணர்ச்சியே இல்லாமல் இருக்க வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு.

அன்றைக்கு ஆட்ட நாயகன் விருது சச்சினுக்குத்தான் கிடைத்தது. அவர் அதை வாங்க வெளியே வரவில்லை. டிரெஸ்ஸிங் ரூமில் அழுதுகொண்டிருந்தார். கேலரியிலும் அழுதவர்கள் ஏராளம். கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் கைதட்டினார்கள். வலியே இல்லாதவன் கைதட்டினால் அதில் பெருமை ஒன்றும் இல்லை. வலிக்கும்போது தட்டினார்களே, அதுதான் பெரிது.

அவர்கள் எதைப் பார்த்துக் கைதட்டினார்கள்? பாகிஸ்தான் என்ற நாட்டையா? இல்லை. நான்கு நாள் ஆட்டத்தை. பிரசாத்தின் பந்துவீச்சுக்கும், அப்ரிதியின் அடிக்கும், சக்லைனின் பத்து விக்கெட்டுக்கும், சச்சினின் முதுகு வலிக்கும் சேர்த்துத்தான் அந்தக் கைதட்டல். 12 ரன் வித்தியாசம் என்பது மூன்று பவுண்டரி. அந்த மூன்று பவுண்டரிக்காக நான்கு நாளையும் குப்பையில் போட அவர்கள் தயாராக இல்லை.

அடுத்து நடந்தவை

ஒரே வாரத்தில் கதை தலைகீழானது. தோண்டப்பட்ட அதே டெல்லி மைதானத்தைச் சரிசெய்து இரண்டாவது டெஸ்ட்டை நடத்தினார்கள். அனில் கும்ப்ளே ஒரே இன்னிங்ஸில் பத்து விக்கெட்டையும் எடுத்தார். 74 ரன் கொடுத்து 10 விக்கெட். இந்தியா 212 ரன்னில் வெற்றி. தொடர் 1-1. சென்னையில் அழுதவர்கள் ஏழே நாளில் பட்டாசு வெடித்தார்கள்.

அதே பிப்ரவரியில் கல்கத்தா ஈடன் கார்டனில் இரண்டு அணிகளும் மறுபடி மோதின. ஷோயப் அக்தரோடு மோதிக்கொண்டதில் சச்சின் ரன் அவுட் ஆனார். ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். கடைசி நாளில் பாட்டில்களும் பழங்களும் மைதானத்துக்குள் பறந்தன. போலீஸார் எல்லோரையும் வெளியேற்றினார்கள். காலியான ஸ்டேடியத்தில் பாகிஸ்தான் 46 ரன்னில் ஜெயித்தது. கைதட்டவும் ஆள் இல்லை, அழவும் ஆள் இல்லை.

இதை வைத்துச் சென்னைக்காரர்கள் உசத்தி, கல்கத்தாக்காரர்கள் மட்டம் என்று சொல்லிவிட முடியாது. அங்கே ரசிகர்களுக்கு ஒரு நியாயமான கோபம் இருந்தது. தங்கள் கண் முன்னால் அநியாயம் நடந்ததாக அவர்கள் நினைத்தார்கள். யானைக்கும் அடி சறுக்கும். எந்த ஊர்க் கூட்டமும் ஒரு நாள் இப்படியும் ஒரு நாள் அப்படியும் இருக்கலாம். ஆனால் இரண்டு நாளில் எது நினைவில் இனிக்கிறது என்று கேட்டால் பதில் ஒன்றுதான்.

இன்னொன்றும் நடந்தது. கல்கத்தா போட்டி முடிந்த பிப்ரவரி 20-ஆம் தேதியன்றுதான் பிரதமர் வாஜ்பாய் பஸ்ஸில் லாகூர் போனார். எல்லோரும் சமாதானம் வந்துவிட்டது என்று நினைத்தார்கள். மே மாதத்தில் கார்கில் போர் வெடித்தது. இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கான வீரர்கள் உயிரிழந்தார்கள். சேப்பாக்கத்தின் கைதட்டலால் ஒரு போரைத் தடுக்க முடியவில்லை. அதை மறைக்கத் தேவையில்லை. விளையாட்டுக்கு அவ்வளவு சக்தி கிடையாது. ஆனால் கார்கிலைப் பார்த்த பிறகுதான் பலருக்கு ஒன்று புரிந்தது. பிட்ச்சில் விழுவது விக்கெட். எல்லையில் விழுவது உயிர். இரண்டையும் ஒரே வார்த்தையால், 'தோல்வி' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஒன்பது வருடம் கழித்து

2008 நவம்பர் 26 அன்று மும்பையில் பயங்கரவாதத் தாக்குதல் நடந்தது. அப்போது இந்தியாவில் சுற்றுப்பயணத்தில் இருந்த இங்கிலாந்து அணி ஊர் திரும்பிவிட்டது. ஆனால் டெஸ்ட் தொடருக்காக மறுபடி வந்தது. வேறு இடத்தில் நடக்க வேண்டிய முதல் டெஸ்ட் இந்த முறையும் சேப்பாக்கத்துக்கு மாறியது.

கடைசி இன்னிங்ஸில் இந்தியாவுக்கு இலக்கு 387. சேவாக் வேகமாக 83 ரன் அடித்துக் கொடுத்தார். டிசம்பர் 15 அன்று சச்சினும் யுவராஜ் சிங்கும் கடைசி வரை நின்றார்கள். வெற்றிக்கான ரன்னும் சச்சினின் சதமும் ஒரே பந்தில், ஒரே பவுண்டரியில் வந்தன. சச்சின் 103 நாட் அவுட். இந்தியா 6 விக்கெட்டில் வெற்றி. அந்தச் சதத்தை மும்பைத் தாக்குதலில் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சச்சின் அர்ப்பணித்தார்.

அதே மைதானம். அதே ஆள். அதே நான்காவது இன்னிங்ஸ். 1999-ல் 136 அடித்தும் தோல்வி. 2008-ல் 103 அடித்து வெற்றி. இரண்டில் எது சிறந்த ஆட்டம் என்று கேட்டால் இன்றைக்கும் பெரும்பாலான ரசிகர்கள் 1999-ஐத்தான் சொல்லுவார்கள். தோற்ற ஆட்டத்தை! ஜெயிப்பதும் தோற்பதும் பதினோரு பேர் கையிலும், எதிரணிக் கையிலும், சில நேரம் அம்பயர் விரலிலும், காற்று வீசும் திசையிலும் இருக்கிறது. எப்படி ஆடுகிறோம் என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

வாழ்க்கையின் ஸ்கோர்போர்டு

இதெல்லாம் விளையாட்டுக்கு மட்டும்தானா? தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாள் என்றால் போர்க்களம்தான். மாநிலத்தில் முதலிடம், மாவட்டத்தில் முதலிடம் என்று பேப்பரில் படம் வரும். இனிப்பு ஊட்டும் போட்டோ வரும். அதே பேப்பரின் உள்பக்கத்தில், மதிப்பெண் குறைந்ததால் உயிரை விட்ட மாணவர்களைப் பற்றிய சின்னச் செய்தியும் வரும். 2017-ல் தமிழக அரசு பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. நல்ல முடிவு. ஆனால் அரசாங்கம் நிறுத்திவிட்டது என்பதற்காக வீடுகளில் நின்றுவிட்டதா? 'எத்தனை மார்க்?' என்ற கேள்வி இன்னும் எல்லாக் கல்யாண வீட்டிலும் கேட்கத்தான் செய்கிறது.

ஒரு பரீட்சை என்பது ஒரு நாள் ஸ்கோர்போர்டு. அன்றைய தேதியில் அது உண்மைதான். யாரும் மறுக்க முடியாது. வாலிகொண்டா போரின் முடிவும் 1751-ல் உண்மைதான். 1999 ஜனவரி 31-ல் 12 ரன் தோல்வியும் உண்மைதான். ஆனால் எதுவும் கடைசி ஸ்கோர் இல்லை. சந்தா சாகிப்புக்கு ஒரு வருடத்தில் ஸ்கோர் மாறியது. சச்சினுக்கு மாற ஒன்பது வருடம் பத்து மாதம் ஆனது. இந்திய அணிக்கு இருபது வருடம். மாறும்வரை ஆட்டத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஜெயித்தவர்களுக்கும் இதே பாடம்தான். முகமது அலி வாலாஜாவைப் போல, வெற்றிக்காக எதை அடகு வைக்கிறோம் என்று பார்க்க வேண்டும். நட்பை அடகு வைத்து ஜெயித்தால் வட்டி கட்டியே வாழ்க்கை போய்விடும்.

சேப்பாக்கம் இன்றும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. 2023 அக்டோபர் 23 அன்று உலகக் கோப்பைப் போட்டியில் ஆப்கானிஸ்தான் முதல் முறையாக ஒரு நாள் போட்டியில் பாகிஸ்தானைத் தோற்கடித்தது இங்கேதான். ஆப்கன் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தபோது சென்னை ரசிகர்கள் ஆரவாரம் செய்தார்கள். 1999-ல் வாசிமின் அணி ஓடிய அதே சுற்று.

அடுத்த பொங்கலுக்குப் பூலாம்பாடிப் பக்கத்திலும் எங்காவது ஒரு மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவார்கள். ஒரு அணி ஜெயிக்கும். ஒரு அணி தோற்கும். தோற்ற அணியின் கேப்டன் பைக்கை எடுப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் நின்று, எதிரணியைப் பார்த்து இரண்டு கையையும் சேர்த்துத் தட்டினால் போதும். ஜெயித்தவன் கோப்பையைத் தூக்குவதற்கு முன்னால் நடந்து வந்து கை கொடுத்தால் போதும்.

கோப்பை யாரிடம் இருந்தது என்பது அடுத்த பொங்கலுக்குள் ஊருக்கே மறந்துவிடும். யார் கை கொடுத்தார்கள் என்பது மறக்காது.